இறுகிய மூடி: கிள்ளான் பள்ளத்தாக்கின் புளிப்புக் கலங்கள் பற்றி ஓர் ஆய்வு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதாவதொன்று புளித்துக்கொண்டிருக்காத சமையலறையைக் காண்பது அரிது. தமிழர் வீட்டில் இட்லி மாவும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும். மலாய்க்காரர் வீட்டில் பெருநாளை ஒட்டித் தாப்பாய் என்னும் புளித்த சோறு தயாராகும். ஹக்கா சீனர் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கென்று பசையரிசி மது போட்டுவைப்பார்கள். இவற்றோடு இப்போது பழத்தோலும் வெல்லமும் ஊறும் ஈகோ என்சைம் வாளியும் கொம்புச்சா என்னும் புளித்த தேநீர் ஜாடியும் சேர்ந்திருக்கின்றன. பியர் காய்ச்சிப் பார்க்கும் சிலர் 30 லிட்டர் பிளாஸ்டிக் கலம் வரை போய்விட்டார்கள். போடும் பொருளும் அதன் பயனும் வீட்டுக்கு வீடு மாறினாலும் ஒரு தொல்லை மட்டும் எல்லோருக்கும் பொது: திறக்க வேண்டிய நாளில் மூடி அசைய மறுக்கும்.

பெரும்பாலோர் இதைக் கைப்பலத்தின் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டிலுள்ள பலசாலியை அழைப்பார்கள். அவரும் தோற்றால் கத்தி, திருப்புளி, சுத்தியல் என்று வரிசையாக வெளியே வரும். ஆனால் மூடி இறுகுவதற்குக் குறைந்தது நான்கு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றில் வீண்முயற்சி. இன்னொன்றில் கையைக் கிழிக்கும் ஆபத்து. நாட்டில் வழங்கும் கைவைத்தியங்களை அந்தக் காரணங்களோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மூடி இறுகாத காலம்

நம் முன்னோரின் புளிப்புக் கலங்களில் இந்தச் சிக்கலே இல்லை. ஊறுகாய்ப் பீங்கான் ஜாடியின் மேல் மூடியை வெறுமனே வைத்து, துணியால் வேடு கட்டினார்கள். வாயு துணியின் வழியே கசிந்துபோகும். பூச்சி மட்டும் உள்ளே வராது. தென்னையின் பாளையில் கட்டிய கள் கலயம் வாய் திறந்தே தொங்கியது. தாப்பாயை வாழையிலையில் பொதிவார்கள்; தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ரப்பர் மரத்தின் இலையிலும் பொதிவதுண்டு. சீனர்களின் காய்கறி ஊறல் ஜாடியில் விளிம்பைச் சுற்றி ஓர் அகழி இருக்கும். அதில் நீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. நீரில் அமர்ந்திருக்கும் மூடி எந்தக் காலத்திலும் இறுகாது.

திருகுமூடியும் ரப்பர் வளையமும் பிற்பாடு வந்தவை. அமெரிக்காவின் ஜான் லாண்டிஸ் மேசன் மரை வெட்டிய கண்ணாடி ஜாடிக்கு 1858இல் காப்புரிமை பெற்றார். அந்த ஜாடி நோக்கியது புளிக்கவைப்பதை அல்ல, புளிக்காமல் காப்பதை. சூடாக நிரப்பி, காற்றுப் புகாமல் அடைத்து, நுண்ணுயிரின் வேலையை நிறுத்துவதே அதன் நோக்கம். அத்தகைய மூடியை எடுத்து, நுண்ணுயிர் இரவும் பகலும் வாயு வெளியிடும் கலத்தின் மேல் திருகியபோதுதான் சிக்கல் பிறந்தது.

மூடியை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல்களே மலாயாவின் தோட்டங்களில் வளர்ந்தன. சிலாங்கூர் தோட்டங்களில் அவற்றுக்குப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. 1991இல் தொடங்கப்பட்ட டாப் குளோவ் போன்ற நிறுவனங்களால் கிள்ளான் வட்டாரம் இன்று உலகுக்கே ரப்பர் கையுறை அனுப்புகிறது. இறுகிய மூடிக்கு மிக எளிய மருந்தும் அந்தக் கையுறைதான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நான்கு காரணங்கள்

முதலாவது உள்ளிழுப்பு. கலத்தின் மேல்வெளியில் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருங்கும். வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அமுக்கும். பியர் செய்பவர்கள் ஈஸ்ட் அடியில் படியட்டும் என்று கலத்தைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். மூடிய கலம் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 4 டிகிரிக்கு இறங்கினால் உள் அழுத்தம் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் 30 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு முழுவதற்கும் கணக்கிட்டால், கலம் வளைந்துகொடுக்காத நிலையில், அது சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். குளிர்ந்த திரவம் கரியமில வாயுவை இன்னும் கரைத்துக்கொள்வதால் இழுப்பு மேலும் கூடும். ஊறுகாயையோ சாஸையோ சூடாக நிரப்பி மூடும்போதும் இதுவே நடக்கிறது. 85 டிகிரியில் மூடிய ஜாடி 30 டிகிரிக்கு ஆறும்போது உள்ளிருந்த நீராவி நீராகிவிடும், 7 செ.மீ. மூடியின் மேல் 20 கிலோவுக்கு மேற்பட்ட விசை உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது வெளித்தள்ளல், அதாவது புளிப்பு வாயுவின் அழுத்தம். 100 கிராம் சர்க்கரை முழுவதும் மதுவாகப் புளித்தால் நம் வெப்பநிலையில் 27 முதல் 29 லிட்டர் வரை கரியமில வாயு வரும். ஈகோ என்சைமின் வழக்கமான கணக்கு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு காய்கறி அல்லது பழக்கழிவு, பத்துப் பங்கு நீர். 6 லிட்டர் நீருக்கு 600 கிராம் வெல்லம் ஆகிறது. அத்தனையும் மதுவாகப் புளித்தால் 170 லிட்டர் வாயு! அதை ஒரு 10 லிட்டர் கலத்தின் மேல்வெளி எப்படித் தாங்கும்? முதல் மாதம் முழுவதும் நாள்தோறும் மூடியைத் தளர்த்திவிடச் சொல்வது இதனால்தான். உள்ளே கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தம் சேர்ந்தால் போதும், 7 செ.மீ. மூடியை ஏறத்தாழ 40 கிலோ விசை வெளியே தள்ளும். அந்த விசை மரைகளை ஒன்றோடொன்று அழுத்துவதால் மூடி திருகுவதற்குக் கடினமாகிறது.

கவனிக்க வேண்டியது இங்கேதான். உள்ளிழுப்பும் வெளித்தள்ளலும் எதிரெதிரானவை. திருகும் கைக்கோ இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாட்டைச் சொல்வது கண். மூடி குழிந்திருந்தால் உள்ளிழுப்பு, உப்பியிருந்தால் அழுத்தம். பிளாஸ்டிக் போத்தலாக இருந்தால் விரலால் அழுத்தலாம். ஒடுங்கிப் போயிருந்தால் முதலாவது, கல்லாக இருந்தால் இரண்டாவது.

மூன்றாவது ஒட்டு. புளிக்கும்போது பொங்கி வரும் நுரை மரையில் ஏறிக் காயும். அதிலுள்ள சர்க்கரை பசையாக இறுகும். ஊறுகாயில் உப்பு படிகமாகி விளிம்பில் குடியேறும். உலோக மூடியானால் உப்பும் புளிப்பும் கூடித் துருப்பிடிக்கச் செய்யும். கடல் பக்கத்துக் கிள்ளான் ஆனாலும் கோலாலம்பூரின் உள்நகரம் ஆனாலும் ஆண்டு முழுவதும் ஈரக்காற்று அடிக்கும் ஊர்கள் இவை. துருவுக்கு அவகாசம் அதிகம் தேவையில்லை.

நான்காவது மரையும் வளையமும். பெரிய பிளாஸ்டிக் மூடியைக் கோணலாக வைத்துத் திருகினால் மரை ஏறுமாறாகப் பிடித்துக்கொள்ளும். வாயு கசிகிறதோ என்ற பயத்தில் பலர் அளவுக்கு மீறி இறுக்குவார்கள். அப்போது ரப்பர் வளையம் நசுங்கி விளிம்போடு ஒட்டும், சில வேளை முறுக்கிக்கொள்ளும். கலத்தைத் திறக்க முடியாதவர்களில் கணிசமானோர் தாங்களே அதை இறுக்கியவர்கள்.

கைவைத்தியங்களின் தரம்

முதலில் செய்ய வேண்டியதைப் பலரும் கடைசியாகத்தான் செய்கிறார்கள். கலத்தில் காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் அடைப்பு) இருந்தால் அதை மெல்லப் பிடுங்கிவிட வேண்டும். அடைப்பான் மட்டும் இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். உள்ளிழுப்பாக இருந்தால் காற்று உள்ளே போகும். அழுத்தமாக இருந்தால் வாயு வெளியே வரும். இரண்டு காரணங்களும் ஒரே அசைவில் தீர்ந்துவிடும். பல வேளைகளில் அதற்குப் பிறகு மூடி தானாகவே இளகிக்கொடுக்கும். கொக்கி போட்டுப் பூட்டும் கண்ணாடி ஜாடிகளில் ரப்பர் வளையத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது இருப்பதே இழுப்பதற்காக. கொக்கியைக் கழற்றியபின் அதைப் பக்கவாட்டில் இழுத்தால் காற்று புகுந்துவிடும்.

வெந்நீர் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் பலிக்கிறது என்பதில்தான் குழப்பம். உலோகம் விரிவடைவதால் மூடி தளர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் 7 செ.மீ. இரும்புத் தகடு மூடி 50 டிகிரி சூடேறும்போது விட்டத்தில் கூடுவது 0.04 மில்லிமீட்டர்தான். வெந்நீரின் உண்மையான பயன் வேறு: காய்ந்த சர்க்கரையும் உப்பும் கரைகின்றன, வளையம் மென்மையாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிந்து உள்ளிழுப்பு குறைகிறது. பிளாஸ்டிக்கின் கதை இதற்கு நேர்மாறு. 30 செ.மீ. பாலிஎத்திலீன் மூடியை மட்டும் 30 டிகிரி சூடாக்கினால் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விரியும். உலோக மூடியைவிடப் பெரிய பிளாஸ்டிக் மூடிக்கே வெந்நீர் அதிகம் உதவும் என்பது பலர் எதிர்பாராத முடிவு. சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை விளிம்பைச் சுற்றிக் கட்டிச் சில நிமிடம் விட்டுத் திருகினால் போதும்.

ஆனால் வெந்நீர் தொடக்கூடாத இடங்கள் மூன்று. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியில் பட்டால் விரிசல் விடும். ஈகோ என்சைமுக்குப் பலர் பயன்படுத்தும் மினரல் வாட்டர் போத்தல் 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். கழுத்து கோணினால் மூடி நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். உள்ளே ஏற்கெனவே அழுத்தம் இருக்கும் கலத்தில் வெந்நீர் அந்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மூன்றாவது தவறுதான் மிகக் கொடியது.

ரப்பர் கையுறைக்கு வருவோம். வழுக்கும் மூடியில் கையின் பலம் பாதி வீணாகிறது. உலர்ந்த ரப்பர் கையுறையோ கிழித்த சைக்கிள் டியூப் துண்டோ அந்த வழுக்கலை நிறுத்திப் பலத்தை முழுவதும் மூடிக்குக் கொடுக்கிறது. கலத்துக்கும் மூடிக்கும் ஒரு கேடும் செய்யாததால் ஒட்டும் உராய்வும் காரணமாகும்போது முதலில் எடுக்க வேண்டியது இதுவே. கை உலர்ந்திருக்க வேண்டும், கையுறையில் எண்ணெய் இருக்கக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை.

30 லிட்டர் கலத்தின் அகல மூடியை விரல்களால் வளைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு இரண்டு வழிகள். ஒருவர் கலத்தைக் கட்டிப் பிடிக்க, மற்றவர் எதிரெதிர் விளிம்புகளில் இரு உள்ளங்கைகளையும் வைத்து இடஞ்சுழியாகத் திருப்பலாம். அல்லது கார்ப் பட்டறையில் எண்ணெய் வடிகட்டி கழற்றும் பட்டைச் சாவியைப் போன்ற ரப்பர்ப் பட்டைச் சாவியைப் பயன்படுத்தலாம். சங்கிலி வைத்த சாவி பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். எந்த வழியானாலும் ஒரேயடியாக முறுக்காமல், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைப்பதே நல்லது. கோணலாகப் பிடித்த மரையை விடுவிக்கும் வழியும் அதுவே.

அமுக்கி மூடும் வாளிகளுக்குத் திருகல் உதவாது, நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் மூடி கிழியும். விளிம்பு முழுவதும் சுற்றிவந்து, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். திருப்புளியும் கத்தியும் பிளாஸ்டிக்கில் கீறல் போடும். அந்தக் கீறலில் ஒளிந்த கிருமியைக் கழுவி எடுப்பது கடினம், அடுத்த கலவை கெடலாம். பெயின்ட் வாளி திறக்கும் பிளாஸ்டிக் நெம்பி இதற்கு நல்ல கருவி.

மூடியின் ஓரத்தைத் தட்டுவது மெல்லிய உலோக மூடிக்கும் உள்ளிழுப்புக்கும் மட்டும் பொருந்தும். தட்டும்போது விளிம்பு சற்று நெளிந்து காற்று புகுகிறது. ஒரு கரண்டியின் முனையை மூடிக்கடியில் செருகி மெல்லத் தூக்கினாலும் இதே பலன், ஆபத்தும் குறைவு. தடித்த பிளாஸ்டிக் மூடியைத் தட்டுவதால் சத்தத்தைத் தவிர வேறொன்றும் நடக்காது.

எண்ணெய் விடுவது துருவுக்கு ஏற்றது. ஓரிரவு ஊறவிட வேண்டும். மற்றபடி அது கையை வழுக்கச் செய்து வேலையைக் கடினமாக்கும். இயற்கை ரப்பர் வளையம் எண்ணெயில் ஊறினால் வீங்கும். பியர் கலத்தில் எண்ணெய் கலந்தால் நுரை நிற்காது.

எங்கே நிறுத்த வேண்டும்

மூடி உப்பியிருக்கிறது, காற்றுப்பூட்டு இல்லை என்றால் மேலே சொன்ன கருவிகள் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட வேண்டும். முதல் வேலை குளிர்விப்பது. ஐஸ் போட்ட நீரில் கலத்தைச் சில மணி நேரம் நிறுத்தலாம். 30 டிகிரி நீரில் கரைவதைப்போல் இரு மடங்குக்கு மேல் கரியமில வாயு 5 டிகிரி நீரில் கரையும். அழுத்தம் இறங்கும், புளிப்பும் மந்தமாகும். பிறகு தடித்த துண்டால் கலத்தை மூடி, முகத்தை விலக்கி, சீறல் கேட்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தி நிறுத்த வேண்டும். சீறல் அடங்கிய பிறகே அடுத்த அசைவு. கண்ணாடிக் கலமாக இருந்தால் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் தடித்த கையுறையும் அணியாமல் அதன் அருகே போகக்கூடாது. ஈகோ என்சைமுக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் கலமே எடுங்கள் என்று செய்முறை வகுப்புகளில் சொல்வது சிக்கனத்துக்காக அல்ல.

கோலாலம்பூரின் தட்பவெப்பம் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருள் தருகிறது. பகலில் 32, 33 டிகிரி, இரவில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். குளிர்நாட்டுச் செய்முறைப் புத்தகம் இரண்டு வாரம் என்று சொல்லும் புளிப்பு இங்கே சில நாட்களில் உச்சத்துக்கு வந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் வெயில் படும் பால்கனியில் வைத்த கலத்தை அந்தப் புத்தகத்தின் நாட்காட்டியை நம்பித் திறக்கப் போனால் நாள் கடந்திருக்கும்.

மதுவும் சட்டமும்

கலத்துக்குள் மது உண்டாகிறது என்றால் மூடியைப் பற்றி மட்டும் பேசி முடிக்க முடியாது. தீபகற்ப மலேசியாவில் மது தயாரிக்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். பொழுதுபோக்காகப் பியர் காய்ச்ச நினைப்பவர் சுங்கத்துறையின் விதிகளை முதலில் தெரிந்துகொள்வது அவசியம். தமிழர்களுக்கு இதில் நீண்ட வரலாறும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளில் இடம்பெற்றது. புளித்த பானம் என்றாலே நம் குடும்பங்களில் முகம் சுளிப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தனர். அது வீட்டுக் கலத்தில் புளித்ததால் வந்த நஞ்சல்ல. கலப்பட மது விற்றவர்களின் செயல். தானியமும் பழமும் சாதாரணமாகப் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆனால் புளித்ததை வீட்டில் வடித்துச் சாராயமாக்க முனைவது சட்டத்துக்கும் உயிருக்கும் ஒருசேர விடும் சவால். அந்த எல்லையைத் தாண்டும் எவருக்கும் இக்கட்டுரை உதவாது.

இறுகாமல் காப்பது

காரணங்களைத் தெரிந்துகொண்டால் தடுப்பு எளிது. கலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட்டால் நுரை மரைக்கு ஏறாது. மூடுவதற்கு முன் மரையையும் விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டுக்கு இடமில்லை. மூடியை மட்டமாக வைத்து, முதலில் இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி மரை பொருந்துவதை உணர்ந்தபின் வலஞ்சுழியாகத் திருகினால் கோணல் பிடிக்காது. வளையம் விளிம்பைத் தொட்டபின் இன்னும் கொஞ்சம், அதோடு நிறுத்த வேண்டும். வாயுவைத் தடுப்பது வளையத்தின் வேலை, கையின் வேலை அல்ல. குளிர்பெட்டிக்குள் வைக்கும்போது காற்று உள்ளே வர ஒரு வழி இருக்க வேண்டும். நசுங்கிய வளையத்தை வைத்துக்கொண்டு மேலும் இறுக்குவதைவிடப் புதிய வளையம் வாங்குவது மலிவு. உப்பு மிகுந்த ஊறுகாய்க்கு உலோக மூடி வேண்டாம். ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பாத்திரம் வாங்கப் போகிறவர்கள், மூடியின் அழகோடு வாயு போக வழி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்கலாம்.

தீர்ப்பு

வழக்கிலுள்ள வைத்தியங்களில் எதுவும் முற்றிலும் பொய்யில்லை. தவறு அவற்றை வரிசை மாற்றிச் செய்வதில் இருக்கிறது. முதலில் பார்த்து, அழுத்தமா இழுப்பா என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்து வாயுவுக்கு வழி திறக்க வேண்டும். மூன்றாவதாகக் கையுறை, நான்காவதாக வெந்நீர்த் துண்டு, ஐந்தாவதாகப் பட்டைச் சாவி அல்லது பிளாஸ்டிக் நெம்பி. கத்திக்கும் சுத்தியலுக்கும் இந்த வரிசையில் இடமே இல்லை. நாள்தோறும் வாயு விடும் பொருளுக்கு அடைத்த மூடி பொருந்தாது. வேடு கட்டிய ஜாடியும் நீர் அகழி ஜாடியும் தீர்த்துவைத்த சிக்கலைத் திருகுமூடி மறுபடி உண்டாக்கியிருக்கிறது. புளிக்கும்வரை துணி அல்லது காற்றுப்பூட்டு, புளித்து முடிந்தபின் திருகுமூடி என்ற ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். உங்கள் வீட்டில் இப்போது ஒரு கலம் புளித்துக்கொண்டிருந்தால், இன்றே போய் அதன் மூடி குழிந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.